பிசுப்போவுக்கு ஒரு படகு

"பூனையைத் திங்கக்கிழமை படகுல சவாயித் தீவுக்கு அனுப்பிடும்மா பெனீனா. முகமெல்லாம் படர்தாமரை. ஊருக்கே ஒட்டிக்கும்."

போதகர் ஈலியாசா வாசலிலேயே நின்று சொன்னார். பூனை என்றாலே அவருக்கு ஆகாது என்பது ஊரறிந்த விஷயம்.

டப்பாவில் வரும் மாட்டிறைச்சிக்கு உயிரை விடும் என்பதால், அதன் பெயரையே வைத்து 'பிசுப்போ' என்று பெனீனா பிள்ளைபோல வளர்த்த பூனை அது.

"போதகரையா, ஆப்பியா டவுன்ல டாக்டரம்மா முடியைப் பிடுங்கிச் சோதிச்சுப் பார்த்துட்டாங்க. வாரம் ரெண்டு தடவை கந்தக மருந்துல முக்கி எடுத்தா ஆறு வாரத்துல சரியாயிடுமாம். அதுவரைக்கும் தனியறையிலதான் வெச்சிருக்கேன்."

"எங்க இருக்கு? ஜன்னல் வழியாத் தாவி ஊரெல்லாம் சுத்துது. வயித்துல வேற ரெண்டு வட்டம். ஆறு வாரமெல்லாம் ஆகாது. பைபிள்ல பூனைக்கு ஒரு வரியாவது இருக்கா, சொல்லு."



ஞாயிறு காலையில் அழுதுகொண்டே பூனையை மருந்தில் முக்கினாள். வீடெல்லாம் அழுகிய முட்டை நாற்றம். மருந்து பட்ட துணியெல்லாம் மஞ்சள் கறை. துவட்டுவதற்குள் பிசுப்போ ஜன்னல் வழியாக ஓட்டம் பிடித்தது.

கோயிலில் வழக்கம்போல் ஊரே வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த அண்ணி திரேசா மூக்கைப் பொத்தினாள்.

"குளிச்சியா இல்லையாடி?"

"மூணு தடவை குளிச்சேன் அண்ணி."

"பின்ன இந்த நாத்தம் எங்கேருந்து வருது? தள்ளி உட்காரு."

பெனீனா தள்ளி உட்கார்ந்தாள். போதகர் மேடையேறியதும் நாற்றம் இன்னும் தூக்கலாக அடித்தது. எல்லோரும் அவளையே முறைத்தார்கள். அவமானத்தில் அவள் தலை குனிந்துகொண்டாள்.

போதகருக்கு வியர்த்துக் கொட்டியது. அந்தப் புழுக்கத்திலும் வெள்ளைக் கோட்டின் பொத்தான்களை ஒன்றுவிடாமல் பூட்டியிருந்தார். பிரசங்கம் முடிந்து, ஆசீர்வதிக்க இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

தொப்பைக்கு மேலிருந்த பொத்தான் பட்டென்று தெறித்தது. கோட்டு விரிந்தது.

உள்ளே வெள்ளைச் சட்டையில், நெஞ்சோடு அணைத்த வாக்கில், மஞ்சள் கறையாக ஒரு முழுப் பூனை. முன்னங்கால் இரண்டும் காலர் வரை ஏறியிருந்தன.

பெனீனா மெல்ல எழுந்தாள்.

"நாளைக்குப் படகுல ஒரு டிக்கெட்டா, ரெண்டா போதகரையா?"