மழை இல்லாத நாவல்

பார்வையில்லாத ரூபிக்கு முப்பது வருஷமாக நாவல்களை வாசித்துக் காட்டியவள் அக்கா எஸ்தர். காதலர்கள் தனியாக ஓர் அறைக்குள் நுழைந்தால் போதும், அவள் வாசிப்பில் சோவென்று மழை கொட்டும். அடுத்த வரியில் பொழுது விடிந்திருக்கும். அக்கா முன்பு வாசித்துக் காட்டிய ஒரு நாவலை இன்று மின்நூலகத்தில் தேடித் திறந்து, இயர்போனை மாட்டிக்கொண்டு, செல்போனையே வாசிக்கவிட்டாள் ரூபி. அறை வந்தது. மழை வரவில்லை. அந்தக் குரல் ரயில் நேரம் அறிவிப்பதுபோல், கூச்சமே இல்லாமல், ஒரு வரி விடாமல் சொல்லிக்கொண்டே போனது. ரூபி வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள்.

"அக்கா, இதுல ஒரு சொட்டு மழைகூட இல்லையே!"

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. எஸ்தர் வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அந்தப் பக்கமெல்லாம் நான் கண்ணை மூடிக்கிட்டுதான்டி திருப்பினேன். ஒரு இயர்போனை இங்க குடு. அறைக்குள்ள நுழையறதுலேருந்து போடு."