கரடி கீறிய பலகை

மலைநாட்டுத் துறைமுகத்தில் ஒரு பைன் மரக்கட்டை கப்பலுக்குக் காத்துக் கிடந்தது. கடல்நாட்டிலிருந்து வந்து இறங்கிய பைன் பலகை ஒன்றைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் போட்டார்கள். வழவழவென்று இழைத்து, நெற்றியில் கடல்நாட்டு முத்திரை குத்தியிருந்தது.

வந்ததும் வராததுமாகப் பலகை ஆரம்பித்தது. “முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஊருலகத்துக்கெல்லாம் பைன் மாதிரி மென்மரம் வித்தது உங்க நாடு. இப்போ எங்க நாடுதான் முதலிடம். நீங்களே எங்ககிட்டதான் வாங்குறீங்க!”

கட்டைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “உங்க நாட்டுல ஏதுடா மரம்? மருந்துக்குக்கூட ஒரு மலை கிடையாது. எல்லாம் இங்கேருந்து போனதுதானே!”

அந்த நேரம் பார்த்து ஆட்கள் பலகையைப் புரட்டிப் போட்டார்கள். இழைக்காமல் விட்டிருந்த முதுகில் நாலு கோடுகள், கரடி நகம் கீறியது. கட்டையின் மேலும் அதே நாலு கோடுகள் இருந்தன.

“அடப்பாவி! ஒரே கரடிதானேடா நம்ம ரெண்டு பேர் மேலயும் நகம் தீட்டுச்சு? நீ என் பக்கத்துல நின்ன தம்பிடா!”

“யாருக்கு யாருடா தம்பி?” என்று பலகை சீறியது.

“தூ! நான் எங்கே போனாலும் பெத்த மலையை மறக்க மாட்டேன்டா!” என்று கத்திக்கொண்டேதான் கட்டை கப்பல் ஏறியது.

அடுத்த வருஷம் அதே கட்டை, வழவழப்பான பலகையாகத் திரும்பி வந்து இறங்கியது. அங்கே காத்துக் கிடந்த இளங்கட்டை ஒன்று அதன் கீறலைப் பார்த்துவிட்டு, “அண்ணே, நீங்க நம்ம மலையா?” என்று ஆசையாகக் கேட்டது.

“முதுகை ஏன்டா பாக்குற? முத்திரையைப் பாருடா!” என்று அது எரிந்து விழுந்தது.