பரம்பரை மானம்

ஹோபார்ட் ஆவணக் காப்பகத்தில் பழைய கப்பல் பதிவேட்டைப் பார்த்த டெஸ்மண்டுக்கு வியர்த்துவிட்டது. இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவில் குடியேறிய பாட்டனுக்குப் பாட்டன் பெயர் அதில் இருந்தது.

"மேவிஸ், இது வெளியில தெரிஞ்சா மானமே போயிடும்!"

"தோண்டாதீங்கன்னு அப்பவே சொன்னேன், கேட்டீங்களா?" என்றாள் மனைவி. "அப்படி என்னதான் பண்ணித் தொலைச்சாராம்?"

"ஒண்ணுமே பண்ணல! ஏழு ஆடு திருடினாருன்னு மேடை மேடையா பீத்திக்கிட்டேனே, மனுஷன் ஒரு குட்டியக்கூடத் தொடல. சொந்தக் காசுல டிக்கெட் எடுத்து வந்திருக்காருடி, யோக்கியன்!"

அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகளின் வாரிசுகள் சங்கத்துக்குப் பத்து வருடமாக டெஸ்மண்ட்தான் தலைவர்.

மேவிஸ் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

கிளம்பும்போது, மேசையிலிருந்த காப்பகத்துப் பென்சிலை டெஸ்மண்ட் மெல்லச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்னங்க இது?"

"நம்ம குடும்பத்துல யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சு வைக்கணும்ல?"