ஐந்தாம் மாடி ஜன்னலில் ஒரு கூடை

நேப்பிள்ஸில் அந்த மலிவு ஓட்டலுக்கு லிஃப்ட் கிடையாது. அறைகளைச் சுத்தம் செய்யும் நுன்சியாவுக்கோ முழங்கால் வலி. தினமும் காலையில் ஐந்தாம் மாடி ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் ஒரு கூடை இறங்கும். மேல்வீட்டார் ரொட்டி வாங்க இறக்குகிறார்கள் என்று நினைத்து, அழுக்கு விரிப்புகளை அதிலேயே போட்டுத் தெருவிலுள்ள சலவைக்கடைக்கு அனுப்பிவிடுவாள்.

"மேல யாரு இருக்காங்கக்கா? நன்றி சொல்லணும்," என்று ஒருநாள் கேட்டாள்.

முதலாளியம்மா தில்தே சிரித்தாள். "மேல ஏதுடி வீடு? வெறும் மொட்டைமாடி. அதையும் பூட்டி மூணு வருஷமாச்சு."

மறுநாள் வந்த கூடை பெரிதாக இருந்தது. உள்ளே தலையணை போட்டிருந்தது.

நுன்சியா முழங்காலைத் தடவிக்கொண்டாள். இறங்க வேண்டிய படிகளை நினைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

கூடை மேலே போனது.