ஈயம் போன கிடாரம்

மருதனார்மடத்துக் கலியாண வீட்டின் பின்வளவில், சமையற்காரர் மார்க்கண்டு குழம்பு வைக்கவிருந்த பெரிய செப்புக் கிடாரத்துக்கு மேலே புளிக்கரைசல் வாளியைத் தூக்கினார்.

“அதுக்குள்ளை ஊத்தாதேங்கோ!” யன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் அதட்டியது.

“ஏன் பிள்ளை?”

“கிடாரத்தின்ரை அடியைப் பாருங்கோ அண்ணை. ஈயம் தேய்ஞ்சு செம்பு தெரியுது. புளி பட்டால் களிம்பு இறங்கும். வந்த முந்நூறு சனமும் வாந்தி எடுக்கும்.”

மார்க்கண்டருக்கு ரோசம் வந்துவிட்டது. “முப்பது வருசமாய்க் கலியாணத்துக்குச் சமைக்கிறன். இன்னும் ஒருத்தரும் சாகேல்லை!”

“குழம்பை மண்சட்டியிலை வையுங்கோ.”

“முகூர்த்தத்துக்குப் பத்து நிமிசம் கிடக்கு. இப்ப சட்டிக்கு நான் எங்கை போறது?”

“அப்ப இந்தக் கலியாணம் நடக்காது.”

மார்க்கண்டர் வயிறு குலுங்கச் சிரித்ததில், வாளிப் புளி அவர் வேட்டியிலேயே தெறித்தது.

“ஒரு கிடாரத்துக்காகக் கலியாணத்தை நிப்பாட்டப் போறீரோ? நீர் என்ன, மாப்பிளையின்ரை தாயோ?”

பந்தலில் மேளம் உச்சத்துக்குப் போனது. “பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ!” என்று ஐயர் கூப்பிட்டார்.

யன்னல் திரை விலகியது. நெற்றிப்பட்டமும் மாலையுமாக குணலட்சுமி நின்றாள்.

“சொல்லுங்கோ அண்ணை. நான் மணவறைக்குப் போகவோ, இஞ்சையே நிக்கவோ?”

மார்க்கண்டர் வாளியை வைத்தார். வேட்டியை மடித்துக்கட்டி, பக்கத்து வீட்டு வேலியை ஒரே பாய்ச்சலில் தாண்டினார்.

“எணேய், ஆரும் இருக்கிறியளோ? கெதியாய் நாலு மண்சட்டி தாங்கோ! தாலி கட்டவேணும்!”