கோத்தகிரி வண்டி

"எங்க வம்சத்துல இப்படி ஒருத்தரும் இல்லீங்க டாக்டரம்மா. கொறை இவகிட்டத்தான் இருக்கும். நல்லாப் பாருங்க."

வேலாமணி, மருமகள் மனிஷாவைக் கண்ணாலேயே காட்டினாள். மகன் தரணிதரன் தலையைக் குனிந்துகொண்டான்.

கல்யாணமாகி ஆறு வருஷம். வரப்போகிற பேரப்பிள்ளைக்கென்று குளிர்காலத்துக்கு ஒன்றாக வேலாமணி பின்னிய கம்பளிக் குல்லாயே ஆறு சேர்ந்துவிட்டது. அவ்வளவு ஆசை. அந்த ஆசை முழுக்க மனிஷா மேல் வசவாக விழுந்தது.

மாதம் ஒருமுறை கோவையிலிருந்து குன்னூருக்கு வரும் டாக்டர் அனுராதா, ரிப்போர்ட்டை மூடி வைத்தார்.

"மனிஷாவுக்கு ஒரு குறையும் இல்லம்மா. உங்க மகனோட உயிரணுவுக்குத்தான் வால் குட்டையா, சுருண்டு இருக்கு. நீந்திப் போக முடியாது. ஜீன்ல வர்ற கோளாறு இது. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டயும் வெளியே தெரியாம இருந்திருக்கும். சொந்தத்துல கட்டினீங்களா?"

"அத்தை மகனைத்தானுங்க."

டாக்டர் ஒரு தாளில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், கோளாறு உள்ளவருக்குக் கறுப்பு என்று குடும்பத்தை வரைய ஆரம்பித்தார்.

"உங்க கூடப் பிறந்தவங்க?"

"அண்ணன் ஒருத்தருங்க, ஆறுச்சாமி. பிள்ளை இல்லீங்க. அது அவரு தப்பில்லை. கட்டுன மருதாம்பாள் மலடி. அத்து உட்டுட்டோம். அப்பறம் அண்ணன் வேற கல்யாணமே வேண்டாம்னுட்டாரு."

"அந்தம்மா இப்ப?"

"அவ பொறந்த ஊரு கோத்தகிரிலயே வேற ஒருத்தரைக் கட்டிக்கிட்டா. மூணு பிள்ளைங்க..."

சொல்லிவிட்டுத்தான் வேலாமணிக்கு அது காதில் விழுந்தது.

டாக்டர், ஆறுச்சாமியின் கட்டத்தைப் பேனாவால் கறுப்பாக்கினார்.

"கவலைப்படாதீங்க. ஒரு உயிரணுவை எடுத்து, ஊசி வழியாக் கருமுட்டைக்குள்ள வெச்சுப் பார்க்கலாம். வாய்ப்பு இருக்கு."

மனிஷா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பஸ் ஸ்டாண்டில் வெலிங்டன் பஸ் வந்து நின்றது. வேலாமணி ஏறவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போங்க கண்ணு. நான் கோத்தகிரி வண்டிக்கு நிக்கறேன்."

"இப்ப எதுக்கும்மா அங்க?" என்றான் தரணிதரன்.

வேலாமணி, மனிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க ஆறுச்சாமி மாமன் மருதாம்பாளை அனுப்ப மாட்டேன்னுதான் அழுதாரு சாமி. மலடின்னு சொல்லி, இதே வண்டில அவளை ஏத்தி உட்டவ நாந்தான்."