பவுடரும் மாத்திரையும்

நீச்சல் குளத்துப் பம்ப் ரூமிலிருந்து குபுகுபுவென்று புகை வந்தது. குளத்தைச் சுத்தம் செய்ய வாரம் இரண்டு முறை வருகிறவர், முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு வாளியை இழுத்தபடி வெளியே ஓடி வந்தார்.

"யாரும் கிட்ட வராதீங்க. தண்ணி ஊத்திடாதீங்க."

தோட்டத்தின் கோடியில் வாளியை விட்டுவிட்டு, தள்ளிப் போய் உட்கார்ந்து இருமினார். இருமல் நிற்கவே இல்லை.

வீட்டம்மா ஏழு வயது மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். குளத்தில் இறங்குவதற்கு முன்னால் அந்தப் பிள்ளை பம்ப் ரூமுக்குள் போய்த்தான் நீச்சல் வளையத்தை எடுக்கும். இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் உள்ளே இருந்திருக்கும்.

வீட்டுக்காரர் ஓடி வந்தார். அவருக்குப் பயம் வந்தாலும் அது கோபமாகத்தான் வெளியே வரும். என்ன நடந்தது, யார் செய்தது என்று பிடித்துக்கொண்டார்.

குளத்துக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை.

"என் தப்புதான் சார். பழைய பவுடர் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. ரெண்டும் குளோரின்தானேன்னு முந்தாநாள் அதைப் புது மாத்திரை வாளியில கொட்டிட்டேன். ரெண்டும் வேற வேற சரக்கு சார். ஒண்ணாச் சேர்ந்தா சூடாகும், புகையும், வெடிச்சாலும் வெடிக்கும். அளக்கிற கப்பைக்கூட தனித்தனியா வச்சுக்கணும்."

சொன்னதெல்லாம் சாரிடம்தான். ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் வீட்டம்மா கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாத்திரையைத் தேர்ந்தெடுத்ததே வீட்டுக்காரர்தான். பவுடர் என்றால் டைல்ஸில் வெள்ளையாகப் படிகிறது, லிக்விட் என்றால் கேன் கேனாகச் சுமக்க வேண்டும் என்று ஒரு வாரம் போனை நோண்டி ஆராய்ச்சி செய்தார். முந்தாநாள் வாளி வந்து இறங்கியதும், பம்ப் ரூமில் இத்தனை டப்பா எதற்கு, இந்த வீட்டில் ஒழுங்குபடுத்த ஆளே இல்லையா என்று சாப்பாட்டு மேஜையில் ஒரு சொற்பொழிவும் நடத்தினார்.

அந்த வீட்டில் ஒரு டம்ளர் உடைந்தாலும் விசாரணை கமிஷன்தான். போன வருஷம் மனைவி காரைச் சுவரில் லேசாக உரசிவிட்டாள். வந்தவர் போனவரிடமெல்லாம் அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். மகளுக்கே அது மனப்பாடம்.

"இத்தனை வருஷமா இதே தொழில்ல இருக்கீங்க. என் பொண்ணு உள்ள போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

போகட்டும், விட்டுவிடுங்கள், பாவம் என்று வீட்டம்மா மென்று விழுங்கிச் சொன்னாள். நீ சும்மா இரு, உனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரே வெட்டாக வெட்டினார் கணவர்.

"நாளையிலேருந்து நீங்க வரவேண்டாம்."

மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

குளத்துக்காரர் தீயணைப்பு ஆபீசுக்குப் போன் செய்தார். அவர்கள் வந்து வாளியை எடுத்துப் போகும்வரை யாரும் தோட்டத்துப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, கேட்டருகே போய் நின்றுகொண்டார். வேலையை விட்டு அனுப்பியாகிவிட்டது. ஆனாலும் மனுஷர் கிளம்பவில்லை.

வீட்டம்மா தண்ணீர் பாட்டிலோடு போனாள். வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து சாயங்காலம் அந்தப் பவுடரைக் கொட்டினது நான்தான்."

"தெரியும்மா. உங்க சமையல்கட்டுக் கரண்டி அந்த வாளிக்குள்ளயே கிடந்துச்சு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அப்புறம் ஏன் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க? வேலையே போயிடுச்சே."

அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்கு இன்னும் ஏழு வீடு இருக்கும்மா. உங்களுக்கு இந்த ஒரு வீடுதானே."